தில்லி முகட்டில் தௌ மரங்கள்

தலைநகர் தில்லியில் மரங்களுக்குப் பஞ்சமில்லை. புதுதில்லியின் அகன்ற சாலைகளில் வேம்பும் நாவலும் மருதும் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொரு மழைக்காலத்திலும் அரசுத் துறைகளும் பள்ளிகளும் புதிய கன்றுகளை நட்டு வருகின்றன. இவையெல்லாம் மனிதன் நட்டுத் தண்ணீர் ஊற்றி வளர்த்தவை. நகரம் தோன்றுவதற்கு முன்பே இந்தப் பாறை நிலத்தில் தாமாக முளைத்து வளர்ந்த காட்டு மரங்களின் நிலை வேறு. அவற்றை நட்டவர் யாருமில்லாததால், கணக்கு வைத்திருப்பவரும் யாருமில்லை. அத்தகைய மரங்களுள் முதன்மையானது தௌ. தாவரவியலார் நெடுங்காலம் அனோகைசஸ் பெண்டுலா என்று அழைத்து வந்த இம்மரத்தை அண்மை ஆண்டுகளில் டெர்மினேலியா என்னும் மருத மரப் பேரினத்திலேயே சேர்த்துவிட்டனர். தமிழகக் காடுகளில் வெக்காலி என்றும் வெள்ளைநாகை என்றும் வழங்கும் மரம் இதன் நெருங்கிய உறவு.

தௌ மரம் நாட்டிலிருந்தே மறைந்து வருவதாகக் கூறிவிட முடியாது. இராஜஸ்தானில் ரந்தம்பூர், சரிஸ்கா ஆகிய காடுகளில் மலைச்சரிவுகளை நிறைத்து நிற்பது இம்மரமே. மத்தியப் பிரதேசத்திலும் புந்தேல்கண்டிலும் இதைக் கர்தாய் என்பர். ஆனால் ஆரவல்லித் தொடரின் வடகோடியாகிய தில்லியிலும் அதனை ஒட்டிய அரியானாப் பகுதியிலும் இது அரிதாகிவிட்டது. ஓர் இனம் அதன் பரப்பின் நடுவில் செழித்திருக்கும்போதே விளிம்பில் அழிவது உண்டு. விளிம்பில் வாழும் மரங்கள் அங்குள்ள கடுங்குளிருக்கும் கடுவெயிலுக்கும் பழகியவை. அவை போன பிறகு வேறிடத்திலிருந்து கன்று கொண்டுவந்து நட்டாலும் இழந்தது முழுமையாகத் திரும்பும் என்பதற்கு உறுதியில்லை.

மரத்தின் இயல்பு

மண் ஆழமாகவும் வளமாகவும் உள்ள இடத்தில் தௌ மரம் பிற மரங்களோடு போட்டியிட்டு வெல்வதில்லை. வேறு மரம் நிற்கத் தயங்கும் குவார்ட்சைட் பாறைச் சரிவே அதன் இடம். பாறையின் வெடிப்புகளுக்குள் வேரைச் செலுத்தி, அங்கு தேங்கும் சிறிதளவு ஈரத்தைக் கொண்டு அது வாழ்கிறது. இத்தகைய நிலத்தில் பெரும்பாலும் தானே கூட்டமாக நிற்கும். நாட்டின் காட்டு வகைகளைச் சாம்பியன், சேத் ஆகிய இருவரும் 1968ஆம் ஆண்டில் வகைப்படுத்தியபோது தௌ காட்டை, நிலத்தின் தன்மையால் உருவாகும் தனிவகைக் காடாகவே குறித்தனர்.

வெளிர் சாம்பல் நிறப் பட்டை, கீழ்நோக்கித் தொங்கும் மெல்லிய கிளைகள், சிறிய இலைகள் ஆகியவை இதன் அடையாளங்கள். மழைக்காலத்தில் பச்சைப் போர்வை போலிருக்கும் தௌ காடு குளிர்காலத்தில் செம்பு நிறம் கொள்ளும். பின்னர் இலை உதிர்த்து, அடுத்த மழை வரை வெறுங்கிளைகளோடு நிற்கும். கோடையில் முதன்முறையாகப் பார்ப்பவர் அது பட்டுப்போன காடு என்றே எண்ணுவார். நகர நிர்வாகத்தில் இந்தத் தோற்றமே இம்மரத்திற்குப் பகையாக அமைந்தது. ஆண்டில் சில மாதங்கள் பழுப்பாகக் கிடக்கும் சரிவைத் தரிசு என்று கோப்பில் எழுதுவது எளிது.

இம்மரத்தைக் காப்பதில் உள்ள பெரிய இடர்ப்பாடு அதன் இனப்பெருக்கம். ஆண்டுதோறும் காய்கள் ஏராளமாகத் தோன்றும். ஆனால் அவற்றுள் பெரும்பாலானவை உள்ளீடற்ற பதர். முளைக்கும் விதைகள் மிகச் சில. முளைத்த நாற்றும் மெதுவாக வளர்வது. ஆகவே இயற்கையில் தௌ பெருகுவது பெரும்பாலும் வேர்க்கன்றுகளாலும், வெட்டிய அடிமரத்திலிருந்து எழும் மறுதாம்பாலும், தாழ்ந்த கிளை மண்ணைத் தொட்டுத் தானே பதியமாவதாலும்தான். ஆடுமாடுகள் தொடர்ந்து கடித்தால் மரம் மேலே எழ மாட்டாமல் தரையோடு பாய் விரித்தாற்போல் படர்ந்துவிடும். அந்நிலையிலும் அது சாவதில்லை. மேய்ச்சலை விலக்கினால் மீண்டும் நிமிர்ந்து எழும். ஆனால் வேரோடு பெயர்த்துவிட்டாலோ, பாறையை உடைத்து எடுத்துவிட்டாலோ அந்த இடத்தில் தௌவின் வரலாறு முடிந்துவிடும். கோடரியையும் ஆட்டையும் தாங்கிய மரத்தால் மண் அள்ளும் பொறியைத் தாங்க முடியவில்லை.

முகடு மாறிய வரலாறு

ரிட்ஜ் என்று வழங்கும் தில்லி முகடு வடக்கு, மத்திய, தென்மத்திய, தெற்கு எனப் பிரிந்து, ஏறத்தாழ 7,777 ஹெக்டேர் பரப்பில் கிடக்கிறது. இதில் தெற்குப் பகுதி மட்டுமே 6,200 ஹெக்டேர். வடக்குப் பகுதி 87 ஹெக்டேராகச் சுருங்கி, சாலைகளுக்கும் குடியிருப்புகளுக்கும் நடுவே ஒரு தீவு போல் நிற்கிறது. நூற்றாண்டுகளாக இங்கு மேய்ச்சலும் விறகு வெட்டும் நடந்தன. தௌ மரக்கட்டை மிகக் கடினமானது. கருவிகளின் கைப்பிடிக்கும் வண்டி அச்சுக்கும் கரிக்கும் உகந்தது. எனவே 1911ஆம் ஆண்டில் தலைநகர் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாற்றப்பட்டபோது முகட்டின் பெரும்பகுதி முட்செடிகள் சிதறிய மொட்டைப் பாறையாக இருந்தது. புதிய நகரின் பின்புலம் பசுமையாக இருக்க வேண்டும் என்று கருதிய அன்றைய ஆட்சியினர் 1913ஆம் ஆண்டு முதல் முகட்டைக் காப்புக்காடாக அறிவித்து, மரம் வளர்க்கத் தொடங்கினர்.

அவர்கள் கண்ட விரைவு வழி, விலாயத்தி கிக்கர். தமிழக மக்கள் சீமைக் கருவேலம் என்றும் வேலிகாத்தான் என்றும் நன்கறிந்த மரம் இதுவே. 1870களில் அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த கடப்பைப் பகுதியில் விறகுக்காகக் கொண்டுவந்து வளர்க்கப்பட்ட இந்த அமெரிக்க மரம், அரை நூற்றாண்டுக்குள் தில்லிப் பாறைக்கும் வந்து சேர்ந்தது. நீரில்லாமல் வளர்வது, வெட்ட வெட்டத் துளிர்ப்பது, கால்நடை தின்று கழிக்கும் விதையிலிருந்து பரவுவது ஆகிய குணங்களால் அது முகட்டைக் கைப்பற்றியது. அதன் நிழலில் உள்நாட்டுக் கன்றுகள் எழுவது அரிது. இன்று மத்திய முகட்டின் ஊடாகச் செல்பவர் காணும் பசுமையில் மிகப்பெரும் பங்கு அதற்கே உரியது.

சீமைக் கருவேலத்தைப் பழிப்பதோடு நின்றுவிடுவது முறையாகாது. நகரின் ஏழைக் குடும்பங்களுக்குப் பல பத்தாண்டுகள் அடுப்பெரித்தது அந்த மரம். வேறொன்றும் நிலைக்காத பாறையில் மண்ணைப் பிடித்து வைத்ததும் அதுவே. ஆயினும், ஒரு நிலம் பசுமையாக இருக்கிறது என்பதும் அந்நிலத்திற்குரிய காடு அங்கு இருக்கிறது என்பதும் வெவ்வேறு செய்திகள். ஒரு நூற்றாண்டுக் காலம் தில்லியின் காட்டுக் கணக்கு இவ்விரண்டையும் ஒன்றாகவே கொண்டது.

தெற்கு முகட்டில் வேறு வகை அழிவு நேர்ந்தது. நகரக் கட்டடங்களுக்கான கல்லும் மணலும் அங்கிருந்தே தோண்டப்பட்டன. அசோலாப் பகுதி 1986ஆம் ஆண்டிலும், சுரங்கக் குழிகள் நிறைந்த பட்டிப் பகுதி 1991ஆம் ஆண்டிலும் வனவிலங்குச் சரணாலயமாயின. இரண்டும் சேர்ந்து 32.71 சதுர கிலோமீட்டர். 1994ஆம் ஆண்டு மே மாதத்தில் இந்திய வனச் சட்டம் 1927இன் 4ஆம் பிரிவின்கீழ் முகடு முழுவதும் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. உரிமைகளைத் தீர்த்து 20ஆம் பிரிவின்கீழ் இறுதி அறிவிக்கை வெளியிடும் பணி அதன்பின் பல பத்தாண்டுகள் இழுத்தது. தொடக்க அறிவிக்கைக்கும் இறுதி அறிவிக்கைக்கும் இடைப்பட்ட காலத்தில்தான் ஆக்கிரமிப்பு நடக்கிறது என்பது நிலவருவாய்த் துறையில் பணிபுரிந்த எவரும் அறிந்த உண்மை.

மாங்கர் பனி

தில்லியின் பழைய காடு எப்படி இருந்திருக்கும் என்பதை இன்றும் நேரில் காண ஓரிடம் உண்டு. தில்லி எல்லையை அடுத்து, அரியானாவின் ஃபரிதாபாத் மாவட்டத்தில் உள்ள மாங்கர் பனி என்னும் பள்ளத்தாக்கு அது. மாங்கர், பந்த்வாரி, பலியாவாஸ் ஆகிய சிற்றூர்களின் குஜ்ஜர் மக்கள் அதைக் குதரியா தாஸ் பாபா என்னும் துறவியின் காடாகப் போற்றி வருகின்றனர். அங்கே கிளை ஒடித்தவருக்குத் தீங்கு நேரும் என்பது நம்பிக்கை. ஆடு மேய்ப்பவர் தம் ஆடுகளை அங்கு ஓட்டுவதில்லை. காய்ந்த சுள்ளியையும் பொறுக்குவதில்லை. தமிழ்நாட்டுக் கோயிற்காடுகளை அறிந்தோர்க்கு இந்த ஏற்பாடு புதிதன்று. இதன் விளைவாக, மூன்று பக்கமும் நகரங்கள் நெருங்கிவிட்ட நிலையிலும் சரிவு முழுவதும் தௌ மரங்கள் அடர்ந்து நிற்கின்றன.

நம்பிக்கை கோடரியைத் தடுத்தது. பத்திரப் பதிவைத் தடுக்கவில்லை. ஊர்ப் பொதுவாயிருந்த இந்நிலம் பங்குகளாகப் பிரிக்கப்பட்டுத் தனியார் பெயருக்கு மாறியது. பங்குகளில் பல வெளியாருக்கு விற்கப்பட்டன. தலைநகரின் அருகாமையால் ஏக்கரின் விலை ஏற ஏற, அங்கு நிற்கும் காட்டின் மதிப்பு நில உரிமையாளரின் கண்ணில் குறைந்துகொண்டே வந்தது. பொருளியலில் இதற்கு விளக்கம் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. காட்டின் பயன் நிலத்தடி நீராகவும் தூய காற்றாகவும் பல இலட்சம் பேருக்குப் பகிர்ந்து போகிறது. விற்றால் கிடைக்கும் பணம் ஒருவர் கைக்கே வருகிறது. சுரங்கத் தொழிலுக்கு உச்ச நீதிமன்றம் 2002, 2009 ஆகிய ஆண்டுகளில் விதித்த தடைகளும், மாங்கர் பனியின் 677 ஏக்கர் பரப்பையும் அதைச் சுற்றிய வளையத்தையும் கட்டடம் எழுப்பக் கூடாத பகுதியாக 2016ஆம் ஆண்டில் அரியானா அரசு ஏற்றதும் இந்தக் காட்டுக்கு அரணாயின. பஞ்சாப் நிலப் பாதுகாப்புச் சட்டம் 1900இன் 4ஆம் பிரிவின்கீழ்ச் சிறப்பாணை பெற்ற நிலங்கள் காடுகளே என்று 2022ஆம் ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது, அத்தகைய ஆணை உள்ள பிற ஆரவல்லி நிலங்களுக்கும் வலுச் சேர்த்தது.

அளவுகோல்களின் குறை

சட்டம் இல்லை என்பது இங்கு குறையாகாது. சட்டங்கள் எதை அளக்கின்றன என்பதே கேள்வி. தில்லி மரப் பாதுகாப்புச் சட்டம் 1994, மரம் என்பதற்குத் தெளிவான வரையறை தருகிறது. தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்தில் அடிமரத்தின் விட்டம் 5 சென்டிமீட்டருக்குக் குறையாமலும், மொத்த உயரம் ஒரு மீட்டருக்குக் குறையாமலும் இருக்க வேண்டும். சாலையோர வேம்புக்கு இந்த வரையறை போதுமானது. கால்நடை மேய்ந்து தரையோடு படர்ந்து கிடக்கும் தௌ, அதன் வேர் எத்தனை ஆண்டு பழமையானதாயினும், இவ்வரையறையின்படி மரமே ஆகாது. அதை அகற்ற அனுமதி கேட்கவும் வேண்டியதில்லை. மறுபுறம், ஒரே வேரிலிருந்து எழுந்த இருபது தண்டுகளை இருபது மரங்களாக எண்ணுவதா, ஒன்றாக எண்ணுவதா என்ற கேள்விக்கும் இவ்வரையறையில் விடையில்லை.

வெட்டப்படும் ஒரு மரத்திற்குப் பத்துக் கன்றுகள் நட வேண்டும் என்பது தில்லியில் வழக்கமாகியுள்ள ஈட்டு முறை. எந்த மரத்திற்கு எந்தக் கன்று என்பதைக் காட்டிலும் எத்தனை கன்று என்பதே இதில் முன்னிற்கிறது. நாற்றங்காலில் எளிதாகவும் மலிவாகவும் கிடைப்பவை விரைந்து வளரும் இனங்கள். நட்டவற்றுள் எத்தனை பிழைத்தன என்பதைக் கொண்டு பணி மதிப்பிடப்படும்போது, முளைப்பதே அரிதான தௌவை எந்தப் பொறுப்பு அலுவலரும் விரும்பித் தேர்ந்தெடுக்க மாட்டார். அவரைக் குறை கூறுவதற்கும் இடமில்லை.

2020ஆம் ஆண்டில் தில்லி அரசு மரங்களை இடம்பெயர்த்து நடும் கொள்கையை வகுத்தது. ஒரு திட்டத்தால் பாதிக்கப்படும் மரங்களுள் குறைந்தது 80 விழுக்காட்டை வேறிடத்தில் நட வேண்டும். அவற்றுள் 80 விழுக்காடு ஓராண்டு கழித்தும் உயிரோடிருக்க வேண்டும். இந்த இரட்டை இலக்கு முழுமையாக நிறைவேறினாலும் நூற்றுக்கு 64 மரங்களே எஞ்சும். ஆழமான வண்டல் மண்ணில் நிற்கும் மரத்தை வேர்ப்பந்தோடு பெயர்த்தெடுக்கலாம். பாறை வெடிப்பினுள் வேரோடிய தௌவை எடுக்க வேண்டுமானால் பாறையையும் சேர்த்தே எடுக்க வேண்டும். தெற்கு முகட்டில் சாலை அமைப்பதற்காக 2024ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஏறத்தாழ 1,100 மரங்கள் வெட்டப்பட்டு, அது உச்ச நீதிமன்றம் வரை சென்ற வழக்கிலும் பொதுமக்கள் பேச்சில் அடிபட்டது மரங்களின் எண்ணிக்கையே. அவை என்னென்ன மரங்கள் என்று கேட்டவர் சிலரே.

காட்டுப் பரப்பைக் கணிக்கும் முறையும் இதே போக்கில் அமைந்துள்ளது. ஒரு ஹெக்டேருக்குக் குறையாத பரப்பில், மரங்களின் தழைக்கவிகை நிலத்தில் 10 விழுக்காட்டுக்குக் குறையாமல் மூடியிருந்தால், அங்குள்ள இனம் எதுவாயினும் அது காட்டுப் பரப்பு என்பது இந்திய வன அளவைத் துறையின் வரையறை. செயற்கைக்கோள் படத்தைக் கொண்டு நாடு முழுவதையும் ஒரே முறையில் அளக்க இது இன்றியமையாதது என்பதில் ஐயமில்லை. ஆயினும் இதன்படி அடர்ந்த சீமைக் கருவேலம் உயர்ந்த மதிப்பெண் பெறுகிறது. மேய்ச்சலால் குன்றிய தௌ சரிவு புதர் நிலமாகக் கீழே நிற்கிறது. காட்டு நிலத்தை வேறு பயனுக்கு மாற்றும்போது செலுத்த வேண்டிய நிகர நிகழ்கால மதிப்பும் காட்டு வகையையும் அடர்த்தியையும் பொறுத்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அது ஹெக்டேருக்கு ஏறத்தாழ 9.6 இலட்சம் ரூபாயிலிருந்து 16 இலட்சம் ரூபாய் வரை அமைகிறது. தில்லியின் நில விலையை அறிந்தவருக்கு இத்தொகை ஒரு தடையாகத் தோன்றாது.

நிகழ்கால மதிப்பு என்னும் கருத்திலேயே மெதுவாக வளரும் மரத்திற்கு ஒரு பாதகம் உண்டு. ஆண்டுக்கு 8 விழுக்காடு கழிவு வீதத்தில் கணக்கிட்டால், 60 ஆண்டுகள் கழித்துக் கிடைக்கும் 100 ரூபாயின் இன்றைய மதிப்பு ஏறத்தாழ ஒரு ரூபாய். ஐந்தாண்டில் நிழல் தரும் மரத்தோடு ஒரு தலைமுறை கழித்து நிமிரும் மரத்தை இந்தத் தராசில் நிறுத்தால் முடிவு முன்கூட்டியே தெரிந்ததுதான். மீண்டும் உண்டாக்கத்தக்க பொருள்களை ஒப்பிடுவதற்கு ஏற்பட்டது இத்தராசு. மீண்டும் உண்டாக்க முடியாத ஒன்றை அதில் வைப்பதற்கு முன்பே, எதை வைக்கலாம் எதை வைக்கக் கூடாது என்று முடிவு செய்ய வேண்டும். இந்தப் பணி திட்ட மதிப்பீட்டாளரை விட, இடத்தைத் தேர்ந்தெடுக்கும் அலுவலருக்கே உரியது.

மீட்பு முயற்சிகள்

அழிந்த இடத்தில் தௌவைத் திரும்பக் கொண்டுவர இயலும் என்பதற்கு ஊக்கமளிக்கும் சான்றுகள் உள்ளன. தில்லி வளர்ச்சி ஆணையமும் தில்லிப் பல்கலைக்கழகமும் இணைந்து வசந்த் விகார் அருகே பழைய சுரங்கக் குழிகள் நிறைந்த ஏறத்தாழ 690 ஏக்கரில் ஆரவல்லிப் பல்லுயிர்ப் பூங்காவை உருவாக்கியுள்ளன. குருகிராமில் 2010ஆம் ஆண்டு முதல், கைவிடப்பட்ட மற்றொரு சுரங்க நிலத்தில், மாநகராட்சியும் குடிமக்களும் சேர்ந்து ஆரவல்லிக்கே உரிய மரங்களை வளர்த்துள்ளனர். 2022ஆம் ஆண்டு பிப்ரவரியில், சட்டப்படியான சரணாலயம் அல்லாத பல்லுயிர்ப் பாதுகாப்பு இடமாக நாட்டிலேயே முதலாவதாக அறிவிக்கப்பட்டது இப்பூங்கா. தௌ, வெள்வேலம், வெட்பாலை முதலிய கன்றுகள் வணிக நாற்றங்கால்களில் கிடைக்காமையால், காட்டில் விதை திரட்டித் தாமே நாற்றங்கால் அமைப்பது இத்தகைய முயற்சிகளின் முதல் படியாயிற்று. பதரே மிகுந்த தௌ விதையை மிகப்பெரும் அளவில் விதைத்துத்தான் சில நாற்றுகளைப் பெற முடியும். மாங்கர் பனி போன்ற தாய்க்காடு அருகில் இல்லையெனில் இதற்கு வழியே இருந்திராது. எனவே புதிய பூங்காவைக் காட்டிப் பழைய காட்டை விட்டுக்கொடுக்கலாம் என்று வாதிடுவது, விதை நெல்லை விற்று வயல் வாங்குவதற்கு ஒப்பாகும்.

சீமைக் கருவேலத்தை ஒரேயடியாக வெட்டி நீக்குவதும் தக்க வழியாகாது. வெட்டவெளியில் அதுவே மீண்டும் முதலில் துளிர்க்கும். அதன் மேற்கிளைகளைக் கழித்துத் தரைக்கு வெளிச்சம் விட்டு, அந்த இடைவெளியில் உள்நாட்டு இனங்களை நிலைபெறச் செய்து, அவை வளர வளர அயல் மரத்தைப் படிப்படியாகக் குறைக்கும் முறையைத் தில்லிச் சூழலியலார் பரிந்துரைக்கின்றனர். இதற்கு ஆண்டுக்கணக்கான பொறுமையும், இடையில் நிற்காத நிதி ஒதுக்கீடும் தேவை. நிதியாண்டு மார்ச்சில் முடிகிறது. கன்றின் கடுஞ்சோதனை ஏப்ரலில் தொடங்குகிறது.

குன்றிய தௌ எஞ்சியுள்ள சரிவுகளில் நடுதலே தேவைப்படாமல் போகலாம். வேலியிட்டு மேய்ச்சலையும், கட்டட இடிபாடு கொட்டுவதையும் சில ஆண்டுகள் தடுத்தால் வேர்க்கன்றுகள் தாமே எழும். செலவு நோக்கில் இதனினும் சிக்கனமான காடு வளர்ப்பு வேறில்லை. ஆனால் நட்ட கன்றின் எண்ணிக்கையைக் கேட்கும் படிவத்தில் இந்தப் பணியைக் குறிக்க ஒரு கட்டம் வேண்டும். ஈட்டு நடவுக்காகச் செலுத்தப்படும் தொகையில் ஒரு பகுதியை இத்தகைய பாதுகாப்புக்கு ஒதுக்குவதும், அனுமதி விண்ணப்பத்தோடு மரங்களின் எண்ணிக்கைப் பட்டியல் மட்டுமின்றி இனப் பட்டியலையும் கோருவதும், ஒரு மீட்டருக்குக் குறைந்த தௌ திட்டுகளை நிலப்பரப்பாக அளந்து காப்பதும் விதிகளில் சிறு திருத்தங்களாலேயே நிறைவேறக்கூடியவை.

இவை எல்லாவற்றுக்கும் முன், தௌ எங்கெங்கே எஞ்சியுள்ளது என்னும் வரைபடம் வேண்டும். அதற்கு உரிய பருவம் டிசம்பரும் ஜனவரியும். அப்போது சீமைக் கருவேலம் பசுமை மாறாமல் இருக்க, தௌ இலைகள் செம்பு நிறத்தில் தனித்துத் தெரிகின்றன. எதிர்ச்சரிவில் நின்று வெறுங்கண்ணால் பார்த்தே ஒரு வனக்காவலர் திட்டுகளைக் குறித்துக்கொள்ள முடியும்.